பட்டு விரல்கள்

ஒரு மணிக்குக் கிளினிக் கதவைச் சாத்திவிட்டுச் சுபா டாக்டர் மாடிக்குச் சாப்பிடப் போனதும், வனரோஜா பின்கட்டில் இருந்த லேபின் டியூப் லைட்டைப் போட்டு, மேஜைமேல் பழைய டர்க்கித் துண்டை நான்காக மடித்து விரித்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, துடைத்து, முகர்ந்துகூடப் பார்த்துக்கொண்டு, பொம்மையைத் தூக்கினாள். தூக்கினாள்! இருபத்துநாலு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பொம்மை, பல்லைப் பிடித்துக்கொண்டு வரும் ஜனங்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, காலண்டருக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காலை முன்வைத்து நடுநாட்டியத்தில் நின்றுபோன சீனத்துப் பட்டுப் பொம்பளை, இப்போது அவளுடைய இரண்டு உள்ளங்கைக்குள் படுத்திருந்தாள், அதுவும் எவ்வளவு லேசாக, ஒரு சாத்துக்குடி கனம்கூட இல்லை, இத்தனை வருஷமும் உள்ளே களிமண்ணோ மரமோ இருக்குமென்று கை தானாகவே ஒரு கனத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தது, அந்தக் கணக்கு தப்பிப்போனதில் கை விசுக்கென்று மேலே போய், ஐயோ, நழுவவிடப் பார்த்தது. மெதுவா, மெதுவா ரோஜா. முகத்தைப் பார், முகமும் பட்டு, மெல்லிய பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சில் ஒட்டி எடுத்த கன்னம், மேலே தூரிகையால் புருவம், தொடலாமா, தொடக்கூடாது, சோப்புப் போட்ட கையானாலும் கை கைதான், வியர்வை இருக்கும், பிசுக்கு இருக்கும். முடி கறுப்புப் பட்டு நூல், கொண்டையில் நெல்மணி அளவு நாலு முத்து, பாசிப்பச்சையும் நீலமும் கலந்த நீண்ட அங்கி, கை நீளம் போக இன்னும் ஒரு கை நீளத்துக்குத் தொங்குகிற கைப்பகுதி, இடது கை மடிந்து இடுப்போரம் இருக்க, வலது கை தலைக்கு மேலே உயர்ந்து, உயர்ந்து என்ன, போன வாரம் வரைக்கும் உயர்ந்திருந்தது. பெயிண்ட் அடிக்க வந்த ஆட்கள் பெட்டியை நகர்த்தும்போது கண்ணாடிக் கதவு திறந்துகொண்டு, பொம்மை சாய்ந்து, கதவு இடுக்கில் வலது கை நசுங்கி, மூன்று விரலில் பட்டுக் கிழிந்து, கம்பி தெரிந்து, கோணலாக மடங்கிக் கிடந்தது. மூன்று விரல். மூன்று மணிக்கு ராவ் சார் வந்து பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதற்குள் மூன்று விரலையும் சரிபண்ணிவிட வேண்டும், ‘உன்னால முடியுமா ரோஜா?’ என்று டாக்டர் கேட்டபோது ‘முடியும்’ என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம், அப்படி ஒரு அவசரத்தில் சொல்லியிருந்தாள், எங்கே வேறு யாரிடமாவது கொடுத்துவிடப் போகிறாரோ என்கிற பயத்தில்.

நரசிங்க ராவ் சார் துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ரிடையரானவர், வீட்டில் இரண்டு பீரோ நிறையப் பட்டுப் பொம்மை வைத்திருக்கிறாராம், கப்பல்காரர்களிடம் வாங்கினது, வெளியூர் போய் வாங்கினது, பெண்டாட்டி போனபிறகு அவைதான் வீட்டில் ஆள் மாதிரி என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கடைவாய்ப் பல் வலி என்று மூன்று மாதம் முன்னால் வந்தவர், வலியை மறந்து கண்ணாடிப் பெட்டிமுன்னால் நின்றுவிட்டார். ‘இது பீக்கிங் சரக்கும்மா, ஐம்பதுகள்ல பண்ணது, பாத்தாலே தெரியுது, விரலைப் பாருங்க, ஒவ்வொரு விரலும் தனியா!’ பிளாஸ்டர் பொடி படிந்த ஏப்ரனோடு அந்தப் பக்கம் வந்த ரோஜாவிடம் அதைச் சொன்னார், அவளிடம்தான் சொன்னார், அவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதால் இருக்கலாம், இருந்தாலும் அவளிடம். கம்பியை எலும்புக்கூடு மாதிரி வளைத்து, பஞ்சு சுற்றி, மேலே பட்டுப் போர்த்தி, பல் கட்டுவதைவிட நுணுக்கமான வேலை என்றார், கிளினிக்கின் பல்செட்டெல்லாம் பின்கட்டில் கட்டுகிற ரோஜாவுக்கு அதில் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. ஆனால் விரலைப் பற்றி அவர் சொன்னது சரி. நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டுக் கொலுவில் பார்க்கிற பொம்மைகளுக்கு விரல் பிரிந்திருக்காது, ஐந்தும் ஒட்டி, மேலே கோடு போட்டிருக்கும், அவ்வளவுதான். இவளுக்கோ சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தள்ளி, மோதிரவிரல் உள்ளே மடங்கி, ஏதோ ஒரு பாட்டின் நடு வரியில் நின்ற கை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ரோஜா பார்த்தது அந்தக் கையைத்தான். இருபத்துமூணு வயசு, கையில் டிப்ளமா, பயத்தில் வாய் உலர்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கை ‘இரு இரு’ என்று சொல்லுகிற மாதிரி இருந்தது. ராவ் சார் கேட்டதும் டாக்டர் என்ன சுலபமாகச் சொல்லிவிட்டார், ‘எடுத்துட்டுப் போங்க சார், இங்க தூசியிலதானே நிக்குது, உங்க வீட்டுல சொந்தக்காரங்களோட இருக்கட்டும்.’ அவ்வளவுதான். ஒரே வாக்கியம். ரோஜா அப்போது மெழுகை உருக்கிக்கொண்டிருந்தாள், மெழுகு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் கேட்டிருக்கலாம். ஒரு தடவையாவது, இருபத்துநாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ‘எனக்குத் தர்றீங்களா டாக்டர்’ என்று. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், இவ்வளவு சுலபமாக ஒரு பேஷண்டுக்குக் கொடுப்பவர் அவளுக்குக் கொடுக்க மாட்டாரா, ஆனால் கேட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோய், எங்கே வைப்பது, இட்லிப் பானை வைக்கிற அலமாரியிலா, வீட்டுக்காரர் ஏழுமலை என்ன சொல்லுவார், ‘பொம்மையா, உனக்கா?’ என்று சிரிப்பார், சிரித்துவிட்டு அவரே ஆணி அடித்து ஒரு பலகை போட்டும் கொடுப்பார், அதெல்லாம் ஒரு தடங்கலே இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான், கேட்க வாய் வரவில்லை. சரி, போகட்டும். இப்போது இந்த இரண்டு மணி நேரம் இவள் என்னுடையவள்.

லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சின்னக் கத்திரியால் கிழிந்த பட்டின் பிசிரை ஒவ்வொன்றாக நறுக்கினாள். காலையிலேயே ராவ் சார் கொடுத்தனுப்பிய வெள்ளைப் பட்டுத் துண்டை டீத்தண்ணீரில் முக்கி, நிழலில் உலர்த்தி, பொம்மையின் கை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள், மூன்று தடவை முக்கவேண்டியிருந்தது, முதல் தடவை வெளுப்பு, இரண்டாம் தடவை மஞ்சள் காமாலை, மூன்றாம் தடவை, அடேயப்பா, அச்சு அசல். அவளுடைய வலது கட்டைவிரல் மரத்துப்போகிறதே, ஆறு மாசமாக, காலையில் எழுந்தால் அது தன் விரலே இல்லை என்பதுபோல், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் லேப் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பார்களோ, பார்க்க மாட்டார்கள், டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனாலும். இன்றைக்கு மரத்துப்போகாதே, தாயே, இன்றைக்கு மட்டும். ஆச்சரியம், இன்றைக்கு அந்த விரல் காய்ச்சல்காரன் மாதிரிச் சூடாக, குறுகுறுவென்று, ஒவ்வொரு நூலையும் தனித்தனியாக உணர்ந்தது. இந்தக் கை எத்தனை பேர் வாய்க்குள் போயிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வரும், அவள் கை போகவில்லை, அவள் பண்ணின பல் போயிருக்கிறது, சௌந்தரா தியேட்டர்ப் பக்கம் பூக்கடைக்காரம்மா, பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், கோயில் நாதஸ்வரக்காரர், அவர் புதுப் பல்லோடு முதல் தடவை ஊதிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார், ‘டாக்டரம்மா கட்டின பல்லு தெய்வம்’ என்றார், பின்கட்டில் இருந்த ரோஜாவுக்குக் கேட்டது. கேட்டால் போதும். போதுமா? சரி, அதை விடு. பஞ்சைப் பிரித்தாகிவிட்டது, இதோ கம்பி. மெல்லிய, வெள்ளையான, துருவே பிடிக்காத கம்பி. குறட்டை எடுத்து நடுவிரல் கம்பியின் கோணலைப் பிடித்தாள். பிடித்ததுமே கை நின்றது. ஏன் நின்றது என்று மனசுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறுக்கு, இந்த எதிர்ப்பு, கொஞ்சம் வளைந்து பிறகு பின்னுக்கு உதறுகிற இந்த அடம், இதைத்தானே தினமும் வளைக்கிறோம். பல்செட் ஆடாமல் நிற்கப் பக்கத்துப் பல்லைக் கவ்வுகிற கொக்கி இருக்கிறதே, அதற்கு வளைக்கிற எஃகுக் கம்பி இது. பீக்கிங்கில் பொம்மைக்குப் பல் டாக்டர் கம்பியா போடுவார்கள்? ராவ் சார் சொன்னது மெத்துக் கம்பி, கையாலேயே வளைக்கலாம் என்று சொன்னாரே. லென்ஸைத் திருகி இன்னும் கிட்டே போனாள். வளைவின் உட்புறத்தில் ஒரு சின்னக் கீறல். மயிரிழைக்கு நகக்குறி வைத்த மாதிரி, பிறைச் சந்திரன் மாதிரி. அதற்கடுத்த வளைவிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். ரோஜா தன் கையில் இருந்த குறட்டைத் திருப்பிப் பார்த்தாள், பார்க்கவே தேவையில்லை, அந்தக் குறட்டின் கீழ்த்தாடையில் ஒரு பொடிச் சில்லு போயிருக்கிறது, பெரிய டாக்டர், சுபா டாக்டரின் அப்பா, அதை வாங்கின வருஷமே கீழே போட்டுவிட்டாராம், நல்ல எஃகு என்று தூக்கியெறிய மனசு வரவில்லையாம், அந்தச் சில்லு அவள் வளைக்கிற ஒவ்வொரு கம்பியிலும் ஒரு பிறைக் கீறல் போடும், அது நாக்கைக் குத்தும் என்று ஒவ்வொரு தடவையும் அவள் உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்து எடுப்பாள். இருபத்துநாலு வருஷமாகத் தேய்த்து எடுக்கிற கீறல். இங்கே யாரும் தேய்க்கவில்லை. பட்டுக்குள் இருப்பது யார் நாக்கைக் குத்தப் போகிறது.

இரு, இரு, ஓடாதே, யாராவது ரிப்பேர் பண்ணியிருப்பார்கள், எப்போதோ ஒரு தடவை இந்தக் கை உடைந்திருக்கும், பெரிய டாக்டரே உட்கார்ந்து புதுக் கம்பி போட்டிருப்பார், அதுதான் நியாயம், அதுதான் நடக்கக்கூடியது. நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும் ரோஜா, இவள் பீக்கிங் இல்லையென்றால் ராவ் சாருக்கு வேண்டாம், ராவ் சாருக்கு வேண்டாமென்றால் இவள் மறுபடி காலண்டருக்குக் கீழேயே நிற்பாள், நீ தினமும் பார்க்கலாம், அந்த ஆசைதான் உனக்குக் கீறலைக் காட்டுகிறது. இருக்கலாம். ஆனால் கீறல் இருக்கிறதே! ஆசைக்குக் கீறல் போடத் தெரியுமா? அப்படியானால் இடது கை, அது உடையாத கை, அதைப் பார். பிரித்துப் பார்க்க முடியாது, வேண்டாம், நகத்தைப் பார். இத்தனூண்டு நகம், எள்ளில் பாதி, வெளிர் சிவப்பு, பெயிண்ட் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், லென்ஸில் பார்த்தால் அதற்குக் கனம் இருந்தது, ஓரம் இருந்தது, உள்ளே ஒரு பொட்டுக் காற்றுக்குமிழி. பல்செட்டின் ஈறுக்குப் பொடியும் திரவமும் கலந்து வார்ப்போமே, அதே ஈறு நிறம், அதே குமிழி, அவசரப்பட்டுக் கலக்கினால் வருகிற குமிழி, சேர்ந்த புதிதில் அவளுக்கும் வந்துகொண்டே இருந்த குமிழி. ரோஜாவுக்கு எழுந்து நடக்கவேண்டும்போல் இருந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள், டம்ளரைப் பொம்மையிலிருந்து இரண்டு கை தூரத்தில் வைத்தாள், அதுவும் போதாதென்று தரையில் வைத்தாள். கைப்பகுதி, அந்த நீண்ட கைப்பகுதியின் மணிக்கட்டு விளிம்பு மட்டும் ஏன் தொங்காமல் விறைப்பாக நிற்கிறது, உள்ளே ஏதோ வைத்துத் தைத்திருக்கிறது, கதவு இடுக்கில் மாட்டியதில் ஓரத்தையல் ஏற்கெனவே இரண்டு அங்குலம் விட்டிருந்தது, நான் பிரிக்கவில்லை, அதுவாகவே விட்டிருக்கிறது, நான் சும்மா இடுக்கியால் கொஞ்சம் விலக்குகிறேன், அவ்வளவுதான். காகிதம். தடித்த காகிதம், பழுப்பேறினது. அதில் எழுத்து. சீன எழுத்தாகத்தானே இருக்க வேண்டும்? ‘...லியில்லாமல் எடுக்...’ என்று இருந்தது. தமிழில்! அதற்குக் கீழே ‘புதிய பற்கள் கட்...’

பட்டென்று சத்தமாகச் சிரித்துவிட்டாள், ஆளில்லாத லேபில் அந்தச் சிரிப்பு பல் அச்சு எடுத்த பிளாஸ்டர் தாடைகளின் மேல் மோதித் திரும்பியது. வலியில்லாமல் எடுக்கப்படும், புதிய பற்கள் கட்டப்படும்! சீனக்காரரான பெரிய டாக்டர் வென் அவர்களின் விசிட்டிங் கார்டு, அதன் கத்தை ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. பீக்கிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை, இவள் இங்கே பிறந்தவள், இந்த மேஜையில், இந்தக் குறட்டில், இந்த ஜன்னல் வெளிச்சத்தில். ஆனால் யார்? பெரிய டாக்டரா? அவர் கை உலக்கை, நல்ல மனுஷன், பல்லைப் பிடுங்கினால் வேரோடு வரும், ஆனால் ஊசியில் நூல் கோக்க அவளைத்தான் கூப்பிடுவார். அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, பெரிய டாக்டரின் பெண்டாட்டி வென் அம்மா மனசில் வந்து நின்றுவிட்டார்கள். மெலிந்து, குள்ளமாக, சாம்பல் நிறச் சட்டையும் கால்சட்டையும், முடியை வெட்டிக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி. ரோஜா சேர்ந்தபிறகு ஆறு வருஷம் இருந்தார்கள். தமிழில் நாலே வார்த்தை, சாப்பிட்டியா, வா, போ, மெதுவா. கல்யாணமான புதிதில் கடுதாசிப் பூ பண்ணித் தெருவில் விற்றவர்கள் என்று யாரோ சொல்லிக் கேள்வி. மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கும்போது மாடியிலிருந்து ஓசையில்லாமல் இறங்கி வந்து, இந்த இரண்டாவது ஸ்டூலில் உட்கார்ந்து, ரோஜா மெழுகு செதுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று ரோஜா நினைத்தாள், புதுப் பெண்ணை நம்பவில்லை, கம்பி திருடுவேன் என்று நினைக்கிறார்கள் என்று வீட்டில் போய் அழுதாள்கூட. ஒருநாள், கொக்கி வளையாமல் வளையாமல் நாலாவது கம்பியும் வீணாகி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றபோது, வென் அம்மா எழுந்து வந்து, குறட்டையும் கம்பியையும் அவள் கையிலிருந்து வாங்கி, பேசாமல், அவளைப் பார்க்கக்கூட இல்லாமல், மணிக்கட்டை ஒரு திருப்பு, அவ்வளவுதான், திரும்பக் கொடுத்தார்கள். கொக்கி பல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘மெதுவா’ என்றார்கள். டாக்டர் பெண்டாட்டி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். எப்படி விட்டேன்! வேவும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்த ஸ்டூலில் ஒரு கைவேலைக்காரி உட்கார்ந்து இன்னொரு கைவேலைக்காரியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான்தான் தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ‘அந்தப் பொம்மை யார் பண்ணதும்மா’ என்று விரலை நீட்டியிருந்தால்கூடப் போதும், புரிந்திருக்கும், அதற்கு எந்த பாஷையும் வேண்டாமே.

மணி இரண்டேகால். சொல்லவேண்டும். சொல்லலாமா? சொன்னால் டாக்டர் என்ன நினைப்பார், பொம்மையைக் கொடுக்க மனசில்லாமல் ரோஜா கதை கட்டுகிறாள் என்று நினைத்தால்? அம்மா பேச்சை எடுத்தாலே டாக்டர் முகம் சுருங்கும், ‘எங்கம்மா என்கிட்ட பேசினதே இல்ல ரோஜா, சோறு போட்டாங்க, தலை பின்னினாங்க, அவ்வளவுதான்’ என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார், பழைய காயத்தைக் கிளறுவானேன். சொல்லாவிட்டால்? பட்டைச் சுற்றி, தையலை மூடி, கார்டை உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, ராவ் சார் பீரோவில் பீக்கிங்காரிகளுக்கு நடுவில் இவளும் ஒரு பீக்கிங்காரியாக நிற்பாள், செய்த கை செய்ததாகவே ஆகாது. நினைக்கும்போதே கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம், நாதஸ்வரக்காரர்மேல்கூட. இதற்குள் கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, நடுவிரல் கம்பி நிமிர்ந்துவிட்டது, கீறலைத் தேய்க்கவில்லை, தேய்க்க மாட்டேன், பஞ்சை மயிரிழையாகப் பிரித்துச் சுற்றி, பட்டு நாடாவைச் சாய்வாக ஏற்றி, நுனியில் ஒரு பொட்டுப் பசை, ஊதாதே, ஊதினால் எச்சில் தெறிக்கும், அப்படியே விடு. நகம்? உதிர்ந்த பழைய நகம் துண்டின்மேலேயே கிடந்தது, ஊசி முனையில் எடுத்து வைத்தாள், உட்கார்ந்துகொண்டது. விரல்! ஒரு முழு விரல்! அது அவளைப் பார்த்து லேசாக வளைந்து நின்றது. நான் பண்ணின விரல். இல்லை, அவர்கள் பண்ணினதை நான் நிமிர்த்தின விரல். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சுபா டாக்டருக்கு நிஜப் பெயர் சூஃபென். தெருக்காரர்களுக்கு அது வாயில் நுழையாமல், பள்ளிக்கூட நாளிலேயே சுபாவாகிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் வேகமாகத்தான் படி இறங்குவார்.

“முடிஞ்சுதா ரோஜா? ராவ் சார் கிளம்பிட்டாராம், இப்பதான் போன் பண்ணார்.”

“ஒரு விரல் முடிஞ்சுது டாக்டர்.”

“ஒண்ணுதானா? இவ்வளவு நேரம் என்ன பண்ணே?”

எப்படி ஆரம்பிப்பது என்று பத்து விதமாக யோசித்து வைத்திருந்தாள். பத்தும் மறந்துபோய்விட்டது. லென்ஸைக் கழற்றி நீட்டினாள். “இந்தக் கம்பியைக் கொஞ்சம் பாருங்க.”

டாக்டர் குனிந்து, வாய்க்குள் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “நீ வளைச்சதுதானே. நம்ம குறடு.”

“நான் வளைக்கல டாக்டர். பிரிச்சப்ப உள்ள இருந்தது. மூணு விரல்லயும் இருக்கு.”

“அப்பா எப்பவாவது ரிப்பேர் பண்ணியிருப்பார்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்தக் கைய பாருங்க, இது உடையாத கை. நகத்தைப் பாருங்க, ஈறுக்கு வார்க்கிறதுதானே? அப்புறம் இது.” இடுக்கியால் கைப்பகுதியின் விளிம்பை விலக்கினாள்.

டாக்டர் படித்தார். உதடு அசைந்தது. பிறகு கடகடவென்று சிரித்தார். “வலியில்லாமலாம்! அப்பாவா! தெருமுனை வரைக்கும் கேக்கும் கத்தல்...” சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாகப் போய் அங்கியின் விளிம்பைத் தொட்டது, விலக்கியது. உள்ளே சிவப்புப் பட்டு லைனிங். அதில் சுருள் சுருளாக மேகம் நெய்திருந்தது.

“ரோஜா, லைட்டை இப்படித் திருப்பு.”

திருப்பினாள்.

“இந்த மேகம், அம்மா கல்யாணப் போட்டோ மாடியில மாட்டியிருக்கே, பாத்திருக்கியா? அந்தச் சட்டையில இருக்கும். சின்ன வயசுல நாற்காலி போட்டு ஏறி எண்ணுவேன், முன்பக்கம் மட்டும் பதினோரு மேகம். அந்தச் சட்டை எங்கன்னு கேட்டா அம்மா கையை விரிச்சிடுவாங்க.” டாக்டர் அந்தத் துணியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டே இருந்தார். “கறுப்பு வெள்ளைப் போட்டோ. செகப்பாத்தான் இருந்திருக்கும்னு தெரியும், எங்காளுங்க கல்யாணத்துக்குச் செகப்புதான். ஆனா இந்தச் செகப்புன்னு தெரியாது.”

ரோஜா லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள்.

“நான் கைக்குழந்தையா இருந்தப்பதான் சைனா சண்டை வந்துது. அப்பா போர்டைக் கழட்டி உள்ள வச்சுட்டாராம். பல்லு வலின்னுகூட ஒருத்தரும் வரலையாம். அப்பா போலீஸ் ஸ்டேஷன் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வரணும். அம்மா மாசக்கணக்கா வாசல் தாண்டலன்னு அத்தை சொல்லுவாங்க. பைத்தியம் பிடிச்ச மாதிரி பின்கட்டுலயே கிடந்தான்னு சொல்லுவாங்க.” கண் லேபைச் சுற்றி வந்தது, மேஜை, அடுப்பு, ஜன்னல். “பின்கட்டுன்னா இதான்.”

“யாரும் வரலன்னா கார்டு சும்மாத்தானே கிடந்திருக்கும் டாக்டர். கம்பியும்.”

“பீக்கிங்லேருந்து வந்துதுன்னு அப்பா ஒரு நாளும் சொன்னதில்ல. வர்றவங்க சொன்னாங்க. நானும் சொன்னேன். அம்மா அங்கயேதான் நின்னுட்டிருந்திருப்பாங்க, நான் சொல்றப்ப. ஏன் ரோஜா ஒரு வார்த்தை சொல்லல? என்கிட்டயாவது?”

“யாரும் கேக்கலையோ என்னவோ டாக்டர்.” சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், உடனே “நானும் கேக்கல” என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை, வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது, கொக்கி வளையாத அந்த மத்தியானத்தையும், மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பியதையும், ‘மெதுவா’ என்றதையும், தான் அதை வேவு என்று நினைத்து அழுததையும், மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் சுருங்கும் என்று பயந்தாள், சுருங்கவில்லை, பசித்தவன் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் “எப்படித் திருப்பினாங்க? காட்டு” என்றார். ரோஜா குறட்டைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். “இன்னொரு தடவை.” இன்னொரு தடவை காட்டினாள்.

டாக்டர் இரண்டாவது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சி, புறங்கையால் துடைத்து, எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். “மோதிரவிரல் நான் பண்றேன். தப்பு பண்ணா சொல்லு.”

“பஞ்சு ரொம்ப எடுக்காதீங்க. இத்தனூண்டு போதும்.”

“இவ்வளவா?”

“இன்னும் பாதி.”

வாசல் மணி அடித்தது. டாக்டர் தலையைத் தூக்காமலே, “திறந்துதான் இருக்கு சார், உள்ள வாங்க, பின்கட்டுக்கு” என்று குரல் கொடுத்தார். ராவ் சார் கையில் பஞ்சு வைத்த அட்டைப்பெட்டியோடு, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் லேப் வாசலில் வந்து நின்றார்.

“பொம்மை குடுக்கறதுக்கில்ல சார். மன்னிச்சுக்குங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்.”

ராவ் சார் அட்டைப்பெட்டியைக் கீழே இறக்கினார். “ஏம்மா? கை சரியாகலையா? அதனால பரவாயில்லையே, பீக்கிங் பொம்மை...”

“பீக்கிங் இல்ல சார். புரசைவாக்கம்.”

ஒரு நிமிஷம் ராவ் சாரின் முகத்தில் ஏமாற்றம் வந்து நின்றது, அதை ரோஜா பார்த்தாள், பார்க்கச் சங்கடமாக இருந்தது. கம்பியையும் நகத்தையும் டாக்டர் காட்டக் காட்ட அது கரைந்துகொண்டே போனது. கடைசியில் கார்டைப் படித்ததும் அந்த மனுஷன் “அடடா! அடடா!” என்று கையைத் தட்டிவிட்டு, கிழவர் குதிக்காத குறைதான், “நாப்பது வருஷமா பாக்கறேன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல” என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார். “எடுத்துட்டுப் போகல. ஆனா எழுதிக்கறேன். பண்ணவங்க பேரு?”

“எங்கம்மா.”

“அம்மா பேரு?”

டாக்டர் மூச்சை இழுத்துவிட்டார். “ஹூ யூலான்.” வெளியிலே யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லாதவர் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தடவை சொன்னார். “ஹூ. யூ. லான்.” ரோஜாவும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இருபத்துநாலு வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறாள். யூலான்.

ராவ் சார் எழுதி முடித்து நிமிர்ந்தார். “கைய சரி பண்றது யாரு, நீங்களா?”

“நான் ஒத்தாசைதான் சார். பண்றது இவங்க. வனரோஜா.”

ராவ் சார் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். “ரெண்டு சுழி ‘ன’வா, மூணு சுழி ‘ண’வா?”

“ரெண்டு சுழி சார்” என்றாள் ரோஜா, பட்டு நூலைப் பல்லில் கடித்தபடி.